புது மேக்ரோ லென்ஸ் வாங்கியவர்களுக்கு, செல்லூரிலிருந்து

புது கேமராவும் மேக்ரோ லென்ஸும் வாங்கி, படமெடுக்க உயிர்களைத் தேடிக் கிளம்பியிருக்கும் மதுரை நண்பர்களுக்கு,

லென்ஸ் வந்த முதல் வாரத்தில் வீட்டில் எதுவும் தப்புவதில்லை. அரிசிமணி, சேலையின் இழை, பத்து ரூபாய் நாணயம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்துப் பார்ப்பீர்கள். பிறகு உயிருள்ளதைத் தேடுவீர்கள். அந்தக் கட்டத்தில்தான் இந்த மடல் உங்களை நிறுத்திப் பேச விரும்புகிறது. நாணயம் அசையாது, பூச்சி அசையும். அசைவதை அசையாமல் நிறுத்தச் சிலர் என்னவெல்லாம் செய்கிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் யாராவது ஒருவர் சீக்கிரமே ‘டிப்ஸ்’ என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்.

பட்டாம்பூச்சியை டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்வார்கள். கும்பிடுபூச்சியைப் பிடித்து வந்து மேசைமேல் பிளாஸ்டிக் பூவில் உட்கார வைக்கச் சொல்வார்கள். புழு இருக்கும் கிளையை ஒடித்து வெளிச்சமான இடத்துக்குக் கொண்டுபோவது, பச்சோந்தியைக் கையில் பிடித்துக் கலர் துணிமேல் விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது, தேன்சிட்டின் கூட்டை மறைத்திருக்கும் இலைகளைக் கிள்ளி எறிவது எல்லாம் இந்த வரிசையில் வரும். இவற்றில் ஒன்றுகூட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். உயிர்மேல் இரக்கம் என்பது ஒரு காரணம். படம் பொய்யாகிவிடுகிறது என்பது இன்னொரு காரணம். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொன்வண்டும் தீப்பெட்டியும் பழக்கமானவை. முதல் மழைக்குப் பிறகு செம்மண்ணில் ஊர்ந்து வரும் சிவப்பு வெல்வெட் பூச்சியையும் அதே தீப்பெட்டியில் போட்டு வைத்த தலைமுறை இன்னும் நம் நடுவே இருக்கிறது. ஆசையால் செய்ததுதான். பெட்டிக்குள் போனது பெரும்பாலும் பிழைக்காது. பூச்சி என்று நாம் சொல்லும் அதற்கு எட்டுக் கால்கள், சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. அகநானூற்றின் முல்லைப் பாடல் ஒன்றில் அது ‘மூதாய்’ என்ற பெயரில் வருகிறது. அங்கே அது தனியாக வரவில்லை. செம்மண் வழியில், உதிர்ந்து கிடக்கும் காயாம்பூக்களுக்கு நடுவே ஊர்கிறது. எந்த நிலம், எந்தப் பருவம் என்று கேட்காமல் ஓர் உயிரைப் பேசக்கூடாது என்பதைத் திணை இலக்கணம் கருப்பொருள் என்ற பெயரில் நமக்கு விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. மேக்ரோ படம் எடுப்பவருக்கு இதைவிட நல்ல பாடத்தைத் தமிழில் தேடினாலும் கிடைக்காது.

எருக்கஞ்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். தத்தனேரிப் பக்கமும் வைகைக் கரையிலும் அது இல்லாத காலியிடம் இல்லை. வெந்தய வரியன் என்ற செம்பழுப்புப் பட்டாம்பூச்சி அதில்தான் முட்டையிடுகிறது. புழு எருக்கிலையைத் தின்று, அதன் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. பறவைகள் அதை ஒதுக்குவது அதனால்தான். புழுவின் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் ‘என்னைத் தின்னாதே’ என்ற எச்சரிக்கைதான். அந்தப் புழுவைப் பிய்த்து ரோஜா இலைமேல் வைத்து எடுத்தால் படம் பளிச்சென்று வரலாம். ஆனால் அந்த உயிரின் கதை முழுவதும் எருக்கிலையில் இருக்கிறது, அதை நீங்களே வெட்டி எறிந்துவிட்டீர்கள். புழுவும் ரோஜா இலையைத் தின்னாது. திரும்பக் கொண்டுபோய் விடாவிட்டால் பட்டினிதான்.

வீட்டு வாசலில் நிற்கும் கறிவேப்பிலை மரத்தில் இன்னொரு கதை நடக்கிறது. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி ஆகிய பட்டாம்பூச்சிகளின் இளம்புழுக்கள் பார்ப்பதற்குப் பறவை எச்சம்போலவே இருக்கும். வளர்ந்த பிறகு இலைப்பச்சை நிறத்துக்கு மாறும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற ஓர் உறுப்பை நீட்டும், கடுமையான நெடி வீசும். அந்த உறுப்பு வெளியே வந்தால் படம் ‘நன்றாக’ இருக்கும் என்று ஈர்க்குச்சியால் குத்திக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள். அது எதிரியிடம் காட்ட வேண்டிய ஆயுதம். உங்கள் படத்துக்காக அதைத் திரும்பத் திரும்பச் செலவழிக்க வைப்பதில் என்ன நியாயம்?

பச்சோந்தியின் நிலை இன்னும் மோசம். அதன் நிறமாற்றத்துக்குப் பெரும்பாலும் வெப்பமும் வெளிச்சமும் அச்சமும் மற்றப் பச்சோந்திகளோடு நடக்கும் போட்டியும்தான் காரணம். கீழே விரித்த துணியின் நிறத்தை அது நகல் எடுப்பதில்லை. கையில் பிடித்ததும் கறுத்துப்போகிறதென்றால், பயந்திருக்கிறது என்று பொருள். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள உயிரும்கூட. 1972-இல் வந்த அந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் துப்பாக்கியால் சுடுவது மட்டும் பொருளாகச் சொல்லப்படவில்லை. பிடிப்பதும் அதில் அடங்கும். பாதுகாக்கப்பட்ட பறவைகள், ஊர்வனவற்றின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். தேன்சிட்டு தன் கூட்டைச் சிலந்தி நூலாலும் மரப்பட்டைத் துணுக்குகளாலும் கட்டி, குப்பை தொங்குவதுபோலத் தெரியும்படி விடுவதே காகத்தின் கண்ணுக்குத் தப்பத்தான். முன்னால் இருக்கும் நான்கு இலைகளை நீங்கள் கிள்ளினால், வழி திறப்பது உங்கள் லென்ஸுக்கு மட்டும் இல்லை.

இரவில் தேவாங்கு தேடிப் போகிறவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயம் மதுரைக்கு அருகில்தான் இருக்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் மலைக்காடுகளில் 11,806 ஹெக்டேரை 2022 அக்டோபரில் தமிழக அரசு சரணாலயமாக அறிவித்தது. நட்சத்திர வெளிச்சத்தில் பார்க்கப் பழகிய கண்களில் ஃபிளாஷை அடுத்தடுத்து அடிப்பது கொடுமை. பார்த்த இடத்தைத் துல்லியமாக ஊரறியச் சொல்வது அதைவிடப் பெரிய தீங்கு. பில்லி சூனியத்துக்காகத் தேவாங்கைத் தேடி அலைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

‘படம் பார்ப்பவருக்கு இதெல்லாம் தெரியவா போகிறது?’ என்று கேட்பீர்கள். தெரிந்துவிடுகிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், 2009-இன் முதல் பரிசு வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய் ஒன்றின் படத்துக்குப் போனது. அது பூங்காவில் வளர்க்கப்பட்டுப் பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவுசெய்து, 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். அதே போட்டியில் 2017-இல் ஒரு பிரிவில் வென்ற படம் பிரேசிலில் எடுக்கப்பட்டது. இரவில் ஒளிரும் கறையான் புற்றை எறும்புதின்னி ஒன்று நெருங்கும் காட்சி. அந்த எறும்புதின்னி பஞ்சடைத்துப் பதப்படுத்திய உடல் என்று வல்லுநர்கள் சொல்ல, 2018 ஏப்ரலில் அதுவும் நீக்கப்பட்டது. எடுத்தவர் மறுத்தார். நடுவர்கள் ஏற்கவில்லை. மழையில் இலையைக் குடையாகப் பிடித்து நிற்கும் தவளை, நத்தைமேல் சவாரி செய்யும் தவளை என்று இந்தோனேசியாவிலிருந்து உலகம் சுற்றிய படங்கள் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். எந்தத் தவளையும் அப்படி நிற்காது என்று உயிரியல் தெரிந்தவர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து வந்த பூச்சியையும் கூர்ந்து பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். கால் பற்றியிருக்கும் விதமும் உணர்கொம்பு தொங்கும் விதமும் காட்டிக்கொடுக்கும். பூச்சிகளின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைச் சார்ந்தது. குளிரில் வைத்தால் அவற்றின் தசை இயங்காமல் நிற்கிறது. அதை அமைதி என்று நினைத்துப் படமெடுக்கிறீர்கள்.

உங்கள் லென்ஸின் கணக்கும் தெரிய வேண்டும். மேக்ரோ லென்ஸ் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் படம் எடுக்கும். அதாவது ஒரு சென்டிமீட்டர் சிலந்தி, சென்சார்மேல் ஒரு சென்டிமீட்டராகவே விழும். அந்த அளவில், எஃப் 8 அப்பெர்ச்சரில், ஃபோகஸில் இருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. உங்கள் மூச்சு முன்னும் பின்னும் தள்ளும் தூரம் அதைவிட அதிகம். வெளிச்சமும் குறையும். அத்தனை நெருக்கத்தில் சென்சாருக்கு வந்து சேர்வது வழக்கமான வெளிச்சத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். புதியவர்கள் எரிச்சலடைந்து பூச்சியைப் பிடிக்கத் துணிவது இந்த இரண்டு தொல்லைகளால்தான். இரண்டுக்கும் வழி இருக்கிறது, பூச்சியைத் தொடாமலே.

ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் தாளோ மெல்லிய பிளாஸ்டிக்கோ வைத்து டிஃப்யூசர் செய்துகொண்டால் வெளிச்சம் மெத்தென்று விழும். ஆட்டோ ஃபோகஸை நிறுத்திவிட்டு, அளவை முன்பே வைத்துக்கொண்டு, உடம்பை மெதுவாக முன்னால் சாய்த்து, கண் கூர்மையாகும் கணத்தில் அமுக்கப் பழகுங்கள். சிலந்தியின் கண் ஃபோகஸில் இருந்தால் பின்கால் மங்கினாலும் படம் நிற்கும். 60 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கியவர்கள் பூச்சியின் மூக்குக்கு அருகே போக வேண்டியிருக்கும். 100 மில்லிமீட்டராக இருந்தால் லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே அரைச் சாணுக்குச் சற்று மேலான இடைவெளி கிடைக்கும், பூச்சிக்கும் பதற்றம் குறையும். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் போங்கள். எல்லாவற்றையும்விட, விடியற்காலையில் போங்கள். மார்கழி, தையில் காலை ஆறரை மணிக்குப் புல்லில் தொங்கும் தும்பி, உடம்பு சூடேறும்வரை நகராது. இறக்கை முழுக்கப் பனித்துளி இருக்கும். ஃப்ரிட்ஜ் வைத்துப் போலியாகச் செய்ய நினைப்பதை மதுரையின் குளிர்காலம் உங்களுக்கு இலவசமாகவே தருகிறது. சித்திரை வெயிலில் பத்து மணிக்குப் போய்விட்டு, பூச்சி நிற்கமாட்டேன் என்கிறது என்று குறைசொல்வது நியாயமில்லை.

பகலிலும் பொறுமைக்குப் பலன் உண்டு. பல தட்டான்கள் வேட்டையாடிவிட்டு அதே குச்சி நுனிக்குத் திரும்பி வந்து உட்காரும். துரத்துகிறவருக்கு அது கிடைக்காது, குச்சிக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கும்.

சரி, செல்லூரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. மேகமலைக்கும் கொடைக்கானலுக்கும் போனால்தான் படம் என்று நினைக்கிறார்கள். செல்லூர் தலைமுறை தலைமுறையாகத் தறி ஓடிய ஊர். பாவில் ஒற்றை இழை அறுந்தால் கண்டுபிடிக்கும் கண்கள் இந்தத் தெருக்களில் வளர்ந்தவை. அந்தக் கண்ணோடு வீட்டுச் சுவரைப் பாருங்கள். குதிக்கும் சிலந்தி வலை பின்னி இரைக்காகக் காத்திருப்பதில்லை, பூனைபோலப் பதுங்கிப் பாய்கிறது. முன்னால் இரண்டு பெரிய கண்கள். லென்ஸை நீட்டினால் உடம்பைத் திருப்பி உங்களையே பார்க்கும். அதை யாரும் போஸ் கொடுக்கவைக்க வேண்டியதில்லை. மாமரம் இருக்கும் வீடென்றால் முசுறு இருக்கும். அந்த முசுறுக் கூட்டத்துக்கு அருகே அச்சு அசல் முசுறுபோலவே நடமாடும் ஒரு குதிக்கும் சிலந்தியும் இருக்கலாம். எறும்புக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. முன்கால் இரண்டையும் உணர்கொம்புபோலத் தூக்கிப்பிடித்து ஆறு காலென்று நம்பவைக்கிறது. சாதாரணக் கண்ணுக்குத் தப்புகிற இந்த வேடத்தை உடைத்துக் காட்டுவதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது உங்கள் லென்ஸ்.

செல்லூர்க் கண்மாயை ஆகாயத்தாமரைக்கும் கழிவுநீருக்கும்தான் பலர் அறிவார்கள். 2024 அக்டோபரில் பெய்த கனமழையில் கண்மாய்த் தண்ணீர் தெருக்களுக்குள் புகுந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை. அங்கிருந்து பந்தல்குடி வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வைகைக்குப் போகிறது. இந்தத் தண்ணீரில்கூட வாழும் ஒரு தட்டான் இருக்கிறது. ஆண் ஆரஞ்சு நிறம், இறக்கையிலும் ஆரஞ்சுப் பட்டை. அழுக்கு நீரைத் தாங்கிப் பெருகுவதில் பேர்போன இனம். கண்மாயில் அது மட்டுமே நிறைந்திருந்தால் தண்ணீர் கெட்டுக்கிடக்கிறது என்று பொருள் கொள்ளலாம். மற்ற ஊசித்தட்டான்களும் தும்பிகளும் வரத் தொடங்கினால் நீர் தேறுகிறது என்பதற்கு அடையாளம். இதைக் காட்ட ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, ஆண்டுதோறும் அதே கரையில் எடுத்த படங்கள் போதும். மழை முடிந்த பிறகு மைதானங்களுக்குமேல் கூட்டமாக மிதக்கும் மஞ்சள் தும்பியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த இனம் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009-இல் எழுதினார். மாலத்தீவில் ஆண்டுதோறும் தும்பிகள் எந்த நாளில் வந்திறங்குகின்றன என்று குறித்துக்கொண்டே வந்ததுதான் அவருக்குச் சான்றானது.

நாள் குறிப்பது, இடம் குறிப்பது என்று இந்த மடல் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மலேசியாவின் சிலாங்கூர் காட்டில் குக் ஹாக் பிங் என்ற புகைப்படக்காரர் கண்ணாடி இறக்கைப் பூச்சி ஒன்றை எடுத்தார். படம் எடுத்ததும் அது பறந்துவிட்டது. இணையத்தில் அவர் போட்ட படத்தைக் கலிபோர்னியாவிலிருந்த பூச்சியியலாளர் ஷான் விண்டர்டன் பார்த்தார். இறக்கையில் இருந்த கறுப்புக் கோலம் அவருக்குத் தெரிந்த எந்த இனத்தோடும் பொருந்தவில்லை. எடுத்த இடம் தெரிந்திருந்ததால் குக் பிறகு அங்கேயே போய் அதே பூச்சியை மறுபடி கண்டார். ஆய்வுக்காக அப்போது ஒன்றைப் பிடிக்க வேண்டியிருந்தது, அது ஆய்வாளர்கள் கேட்டுச் செய்த வேலை. 2012-இல் அது அறிவியலுக்குப் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பூச்சியை முதல் நாளே டப்பாவில் அடைத்து, வீட்டு மேசையில் எடுத்து, எங்கே பிடித்தது என்பதை மறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நம் பக்கத்துக் கதையும் இருக்கிறது. மேலூருக்கு அருகே அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர், 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், லகர் வல்லூறு, அழுங்கு, தேவாங்கு என்று அங்கே வாழும் உயிர்களின் பட்டியல் அந்த அறிவிப்புக்கு ஆதாரமாக நின்றது. 2024-இல் அந்த இடத்தையும் உள்ளடக்கி 20 சதுர கிலோமீட்டருக்கு டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் விடப்பட்டபோது கிராமத்தார் போராடினார்கள். அவர்கள் கையில் அந்தப் பட்டியலும் இருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த வெற்றி மக்களுடையது. ஆனால் காலையில் எழுந்து போய், பார்த்ததைப் பெயர், நாள், இடத்தோடு எழுதி வைத்தவர்களின் பல ஆண்டு உழைப்பும் அதற்குள் இருக்கிறது.

மா. கிருஷ்ணனை உங்களில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? 1912-இல் பிறந்த தமிழர், அ. மாதவையாவின் மகன். பல உறுப்புகளை ஒட்டித் தானே சேர்த்துக்கொண்ட கனமான கேமராவோடு நடந்தும் யானைமேல் அமர்ந்தும் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். 1950-இலிருந்து 1996-இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் தன் இயற்கைப் பத்தியை எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு அணிலையும் காகத்தையும் பற்றி எழுதினார். உங்கள் கையிலிருப்பதில் பத்தில் ஒரு பங்கு வசதிகூட அவர் கேமராவில் இல்லை.

ஆகவே நண்பர்களே, கேட்பது இதுதான். எந்த உயிரையும் படத்துக்காகப் பிடிக்காதீர்கள், குளிரவைக்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள், கூட்டின் இலையைக் கிள்ளாதீர்கள். கையால் தண்ணீர் தெளித்திருந்தாலோ பல படங்களை அடுக்கி ஒன்றாக்கியிருந்தாலோ படத்துக்குக் கீழே அதைச் சொல்லிவிடுங்கள். அதில் குற்றமில்லை, மறைப்பதில்தான் குற்றம். மூத்தவர்களாக இருப்பவர்களும் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர்களும் ‘எங்கே, எப்படி எடுத்தது?’ என்று கேளுங்கள். பதில் வராத படத்துக்குப் பரிசு கொடுக்காதீர்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒருமுறையும், கண்மாய் நிறைந்தபின் மார்கழிக் காலையில் ஒருமுறையும் செல்லூர்க் கரைக்கு வாருங்கள். தட்டான், ஊசித்தட்டான், சிலந்தி, பட்டாம்பூச்சி எது கிடைத்தாலும் இருந்த இடத்திலேயே எடுத்து, நாளும் இடமும் சேர்த்து ஐநேச்சுரலிஸ்ட்டிலோ இந்தியப் பல்லுயிர் தளத்திலோ பதிவேற்றுங்கள். பெயர் தெரியாவிட்டால் அங்கே சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டும் அதே கரைக்கு வந்து எடுங்கள். கண்மாய்க்காக யாராவது ஒருநாள் மாநகராட்சியின் கதவைத் தட்டும்போது, உங்கள் படங்கள் அவர் கையில் இருக்கட்டும்.